டின்னர் மத்தியானமா, இரவா? ஆங்கில வேளைப் பெயர்களை ஊரறிந்து புரிந்துகொள்ளும் வழி

லீட்ஸிலோ ஷெஃபீல்டிலோ புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒருவரிடம், உடன் வேலை செய்பவர் "வியாழக்கிழமை வீட்டுக்கு டீக்கு வந்துவிடுங்கள்" என்று ஆங்கிலத்தில் சொன்னால், ஒரு கோப்பைத் தேநீரும் இரண்டு பிஸ்கட்டும்தான் இருக்கும் என்று எண்ணி, வழியிலேயே எங்காவது சாப்பிட்டுவிட்டுப் போவது நம்மவர்களில் பலருக்கும் இயல்பு. போய்ச் சேர்ந்த பிறகுதான், மேசையில் சுடச்சுட இறைச்சியும் உருளைக்கிழங்கும் பட்டாணியும் தட்டு நிறையக் காத்திருப்பது தெரியவரும். அந்த ஊரில் டீ என்பது மாலை ஐந்தரை அல்லது ஆறு மணிக்கு வீட்டார் எல்லோரும் உட்கார்ந்து சாப்பிடும் முழுச் சாப்பாட்டின் பெயர். இதே அழைப்பு தெற்கு இங்கிலாந்தில் ஒரு வயதான அம்மையாரிடமிருந்து வந்தால், நாலு மணிக்குத் தேநீர், ஒரு துண்டு கேக், ஐந்தரைக்கு விடைபெறுதல் என்று முடிந்துவிடும். அங்கே இரவுச் சாப்பாட்டை எதிர்பார்த்துப் போனவர் பசியோடுதான் திரும்ப வேண்டியிருக்கும்.

நம் பாடநூல்கள் பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் என்ற மூன்று பெயர்களோடு நிறுத்திக்கொள்கின்றன. அவை தவறானவை அல்ல. ஆனால் அந்த மூன்றில் முதல் பெயரைத் தவிர மற்ற இரண்டும், அவற்றோடு டீ, சப்பர் ஆகிய இரண்டும், ஊருக்கு ஊர், வயதுக்கு வயது, சில இடங்களில் வர்க்கத்துக்கு வர்க்கம் வேளை மாறுபவை. படிக்கவோ வேலைக்கோ குடும்பத்தோடு குடியேறவோ ஆங்கிலம் பேசும் நாடுகளுக்குப் போகிறவர்கள், ஒரு பெயரைக் கேட்டதும் அது எந்த வேளையைக் குறிக்கிறது என்று எப்படிக் கணிப்பது, கணிக்க முடியாதபோது எப்படிக் கேட்பது, தாங்கள் அழைக்கும்போது எந்தச் சொல்லைப் பயன்படுத்துவது என்பவற்றைக் கீழே விளக்கியிருக்கிறேன்.

டின்னருக்கு என்று ஒரு மணி கிடையாது

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் மனத்தில் பதிய வேண்டியது இதுதான். டின்னர் என்பது ஒரு நாளின் பெரிய சாப்பாட்டின் பெயர், இரவுச் சாப்பாட்டின் பெயர் அன்று. பெரிய சாப்பாடு நண்பகலில் இருக்கும் வீட்டில் நண்பகல் உணவு டின்னர் ஆகிறது, இரவில் இருக்கும் வீட்டில் இரவு உணவு டின்னர் ஆகிறது. நாம் மத்தியானச் சாப்பாடு, இராச்சாப்பாடு என்று வேளையைப் பெயரோடு சேர்த்தே சொல்லிப் பழகியவர்கள் என்பதால், வேளையைச் சொல்லாத இந்தப் பெயருக்கு நாமாகவே ஒரு வேளையை ஒட்டவைத்துவிடுகிறோம்.

இந்தக் குழப்பத்துக்கு ஒரு வரலாறு உண்டு. அதைச் சுருக்கமாகவாவது தெரிந்துகொண்டால் ஊர்களின் வேறுபாட்டை மனப்பாடம் செய்ய வேண்டியிராது. டின்னர் என்ற சொல் பழைய பிரெஞ்சு வழியாக வந்தது. அதன் லத்தீன் வேர் உண்ணாதிருத்தலை முறிப்பதைக் குறிக்கும். அதாவது பிரேக்ஃபாஸ்ட் என்ற சொல்லும் டின்னர் என்ற சொல்லும் தொடக்கத்தில் ஒரே பொருளைச் சொன்னவை. இடைக்கால இங்கிலாந்தில் டின்னர் நண்பகலை ஒட்டியோ அதற்குச் சற்று முன்னரோ உண்ணப்பட்டது. பிறகு மெழுகுவர்த்திச் செலவைத் தாங்கக்கூடிய செல்வர்கள் அதைச் சிறிது சிறிதாகத் தள்ளிவைத்தார்கள். 18ஆம் நூற்றாண்டில் அது பிற்பகல் மூன்று, நான்கு, ஐந்து என்று நகர்ந்து, 19ஆம் நூற்றாண்டில் நாகரிகக் குடும்பங்களில் இரவு ஏழு, எட்டு மணியை எட்டியது. இடையில் விழுந்த நீண்ட இடைவெளியை நிரப்ப லஞ்ச் வளர்ந்தது. 1755இல் வெளிவந்த சாமுவேல் ஜான்சனின் அகராதி, லஞ்ச் என்பதற்கு ஒரு கையில் அடங்கும் அளவு உணவு என்றுதான் பொருள் சொல்கிறது. அப்போது அது ஒரு வேளையின் பெயராகவே நிலைபெறவில்லை. லஞ்சுக்கும் பின்தள்ளப்பட்ட டின்னருக்கும் இடையில் வந்த பசிக்கு, சுமார் 1840இல் பெட்ஃபோர்டு சீமாட்டி அன்னா பிற்பகலில் தேநீரும் ரொட்டியும் கேக்கும் வரவழைத்து உண்ணத் தொடங்கியதிலிருந்துதான் ஆஃப்டர்நூன் டீ வழக்கம் பரவியது என்பார்கள்.

வயலிலும் சுரங்கத்திலும் ஆலையிலும் உழைத்தவர்களுக்கு இந்த நகர்வெல்லாம் பொருந்தவில்லை. காலை விடியும் முன் வேலைக்குப் போனவர்கள் நண்பகலில் வயிறாரச் சாப்பிட்டாக வேண்டும். அது அவர்களுக்கு டின்னராகவே நின்றது. மாலையில் வேலை முடிந்து வந்ததும் ஒரு கெட்டில் தேநீரோடு சூடாக ஏதாவது சாப்பிட்டது டீ ஆயிற்று. ஆகவே ஓர் ஊரில் உழைப்பாளர் வழக்கு வலுவாக இருந்ததா, மேல்தட்டு வழக்கு வலுவாக இருந்ததா என்று பார்த்தாலே அங்கே டின்னர் எப்போது என்பதைப் பெரும்பாலும் சரியாகக் கணித்துவிடலாம்.

கணிப்பை விடக் கேட்பது மேல். அழைப்பு வந்ததும் "வாட் டைம் ஷுட் வி கம்?" என்று கேட்பதில் எந்த மரியாதைக் குறைவும் இல்லை, எல்லா நாட்டிலும் எல்லோரும் கேட்கும் கேள்வி அது. பன்னிரண்டு, ஒன்று என்று பதில் வந்தால் நண்பகல் உணவு. மூன்றரை, நாலு என்றால் தேநீரும் இனிப்பும். ஐந்து முதல் ஆறரை வரை என்றால் டீ என்று சொன்னாலும் சப்பர் என்று சொன்னாலும் முழுச் சாப்பாடு. ஏழரைக்கு மேல் என்றால் டின்னர், அதுவும் சற்று முறையான டின்னர். விருந்தினராகப் போகிறவர்கள் "கேன் ஐ பிரிங் எனிதிங்?" என்று சேர்த்துக் கேட்டால், வரும் பதிலிலிருந்தே எவ்வளவு பெரிய சாப்பாடு என்பதும் விளங்கிவிடும்.

பிரிட்டனில்

மிக அதிகமாகச் சிக்கல் உள்ள நாடு இதுவே. வடக்கு இங்கிலாந்திலும் நடுப்பகுதியின் பெரும்பாலான ஊர்களிலும் பிரேக்ஃபாஸ்ட், டின்னர், டீ என்ற வரிசை இன்றும் உயிரோடு இருக்கிறது. தெற்கில் பிரேக்ஃபாஸ்ட், லஞ்ச், டின்னர் என்ற வரிசை. மான்செஸ்டரில் வேலை செய்பவர் "டின்னர் நேரத்தில் வங்கிக்குப் போய் வருகிறேன்" என்றால் அவர் போவது பன்னிரண்டரைக்கு. ஆனால் இந்த எல்லை வரைபடத்தில் கோடு கிழிக்கும் அளவுக்குத் துல்லியமானதன்று. லண்டனில் வளர்ந்த ஒரு தாய் தான் எட்டு மணிக்குச் சாப்பிடுவதை டின்னர் என்றும், தன் குழந்தைகளுக்கு ஐந்து மணிக்குக் கொடுப்பதை டீ என்றும் ஒரே வாக்கியத்தில் சொல்லக்கூடும்.

பிள்ளைகளைப் பள்ளியில் சேர்த்ததும் இது வீட்டு வாசலுக்கே வந்துவிடும். பள்ளியிலிருந்து வரும் கடிதத்தில், உங்கள் குழந்தைக்கு ஸ்கூல் டின்னர் வேண்டுமா, பேக்டு லஞ்ச் கொடுத்தனுப்புவீர்களா என்று கேட்டிருப்பார்கள். இரண்டும் ஒரே நண்பகல் உணவுதான். பள்ளிச் சமையலறை தருவது டின்னர், வீட்டிலிருந்து டப்பாவில் கொண்டுவருவது லஞ்ச். உணவு பரிமாறி மேற்பார்வை செய்யும் பெண்களை, லஞ்ச் என்று சொல்லும் தென்பகுதியில்கூட டின்னர் லேடி என்றே அழைப்பார்கள். இங்கிலாந்தில் 2014 செப்டம்பர் முதல் அரசுப் பள்ளிகளில் ரிசெப்ஷன் எனப்படும் தொடக்க வகுப்பு, முதலாம், இரண்டாம் வகுப்புக் குழந்தைகளுக்கு நண்பகல் உணவு இலவசம். ஸ்கூல் டின்னர் என்ற சொல்லைப் பார்த்து, இது மாலை நேர ஏற்பாடு போலிருக்கிறது என்று படிவத்தை ஒதுக்கிவைத்துவிடாதீர்கள்.

சப்பர் என்பது இன்னும் நுட்பமானது. வடக்கே பல வீடுகளில் அது படுக்கப்போகும் முன் ஒரு டோஸ்ட் துண்டோடு பால் குடிப்பதைக் குறிக்கும். தெற்கின் வசதியான நடுத்தர வர்க்கத்திலோ, டின்னர் என்றால் விருந்தினர் கூடும் முறையான நிகழ்ச்சி, சப்பர் என்றால் சமையலறை மேசையிலேயே நெருங்கியவர்களோடு சாப்பிடும் சாதாரண இரவு உணவு. அந்தச் சொல்லில் ஒரு மேல்தட்டு வாசனை இருப்பதை ஆங்கிலேயர் நன்றாகவே உணர்வார்கள். 2012இல், பிரிட்டன் பத்திரிகைகளின் நடத்தையை ஆராய்ந்த லெவ்சன் விசாரணையில், நாளேடு நிறுவனத் தலைவர் ஒருவர் அப்போது எதிர்க்கட்சித் தலைவராக இருந்த டேவிட் கேமரூனுக்கு 2009இல் அனுப்பிய குறுஞ்செய்தி படிக்கப்பட்டபோது, அதிலிருந்த கன்ட்ரி சப்பர் என்ற இரண்டு சொற்கள் நாட்டின் கேலிப்பொருளாகிவிட்டன. புதிதாக வருகிறவர்கள் சப்பர் என்ற சொல்லைப் புரிந்துகொண்டால் போதும், தாங்களாகப் பயன்படுத்த அவசரப்பட வேண்டாம் என்பது என் எண்ணம்.

ஸ்காட்லாந்தில் சப்பருக்கு வேறொரு தனிப்பொருள் உண்டு. மீன் வறுவல் கடைப் பலகையில் ஃபிஷ் சப்பர், ஹாகிஸ் சப்பர், சாசேஜ் சப்பர் என்று எழுதியிருந்தால், அந்தப் பண்டத்தோடு உருளைக்கிழங்கு சிப்ஸும் சேர்ந்து வரும் என்று பொருள். நண்பகல் ஒரு மணிக்கும் அங்கே ஃபிஷ் சப்பர் வாங்கலாம். சிப்ஸ் வேண்டாம், மீன் மட்டும் போதும் என்றால் சிங்கிள் ஃபிஷ் என்று கேட்க வேண்டும். கடைக்காரர் அடுத்துக் கேட்கும் கேள்வி ஊரைப் பொறுத்தது. எடின்பரோவில் சால்ட் அண்ட் சாஸ் வேண்டுமா என்பார், கிளாஸ்கோவில் உப்பும் வினிகரும். எடின்பரோவின் அந்தச் சாஸ் கறுப்பாக, நீர்த்து, புளிப்பாக இருக்கும். தக்காளி சாஸை எதிர்பார்த்துத் தலையாட்டிவிட்டால் பொட்டலம் முழுவதும் அது ஊறிவிடும்.

வேலைக்குக் கட்டிக்கொண்டு போகும் சாப்பாட்டுக்குத் தொழிலாளர்கள் வைத்திருக்கும் பெயர்கள் தனிக்கதை. நாட்டிங்ஹாம், டார்பி, யார்க்ஷையர் சுரங்கப் பகுதிகளில் அது ஸ்னாப், அதை வைக்கும் தகரப்பெட்டி ஸ்னாப் டின். டர்ஹம், நார்த்தம்பர்லேண்ட் பக்கம் பெய்ட். கிழக்கு ஆங்கிலியாவின் சதுப்புநில வயல்களில் டாக்கி. ஆங்கிலத்தில் டாக் என்றால் கூலியைப் பிடித்தல், சாப்பிடும் நேரத்துக்குக் கூலியைப் பிடித்துக்கொண்டதால் அந்தப் பெயர் வந்தது என்று அங்குள்ளவர்கள் சொல்வதுண்டு. ஸ்காட்லாந்தில் பீஸ் என்றால் ரொட்டிக்குள் ஏதாவது வைத்த சாண்ட்விச். ஹேரல்ட் ஆர்ட்டன் தலைமையில் லீட்ஸ் பல்கலைக்கழகம் 1950 முதல் 1961 வரை 313 ஊர்களில் நடத்திய ஆங்கில வட்டாரவழக்குக் களஆய்வில் இப்படிப்பட்ட சொற்கள் பதிவாகியிருக்கின்றன. கட்டடப் பணியிடத்திலோ தொழிற்சாலையிலோ வேலைக்குப் போகிறவர்கள், முதல் வாரத்திலேயே இந்தச் சொல் தம் ஊரில் என்ன என்று காதுகொடுத்துக் கேட்டுக்கொள்வது நல்லது. இடைவேளை அறிவிப்பு பெரும்பாலும் அந்தச் சொல்லில்தான் வரும்.

மருத்துவமனைகளிலும் முதியோர் இல்லங்களிலும் பணிபுரிகிறவர்களுக்கு இது வெறும் மொழிவேடிக்கையாக இருக்க முடியாது. எண்பது வயது யார்க்ஷையர் நோயாளி "டின்னருக்குப் பிறகு மாத்திரை சாப்பிட்டேன்" என்றால் அவர் சொல்வது பெரும்பாலும் நண்பகல். அதை இரவு வேளை என்று குறித்துக்கொண்டால் அடுத்த வேளை மருந்து தவறிப்போகும். உணவுக்கு முன் இன்சுலின் போட்டுக்கொள்பவர்களிடம் இந்தத் தவறு ஆபத்தானது. இத்தகைய இடங்களில் டின்னர், டீ, சப்பர் ஆகிய மூன்றையும் அடியோடு விட்டுவிட்டு, மிட்டே மீல், ஈவ்னிங் மீல் என்று வேளையைச் சொல்லும் தொடர்களையே பயன்படுத்துங்கள். நோயாளி டின்னர் என்று சொன்னால் "அது எத்தனை மணி இருக்கும்?" என்று கேட்டு, மணியையே எழுதிவையுங்கள்.

ஹை டீ என்ற பெயரைப் பற்றியும் ஒன்று சொல்ல வேண்டும். பிரிட்டனில் அது உழைப்பாளர் வீட்டு மாலைச் சாப்பாடு. மூன்றடுக்குத் தட்டில் சிறு சாண்ட்விச், ஸ்கோன், கேக் என்று வருவது ஆஃப்டர்நூன் டீ. ஹை என்ற அடைமொழியைக் கேட்டு இது உயர்ந்த ரகமாக இருக்கும் என்று எண்ணியோ என்னவோ, உலகெங்கும் ஆடம்பர ஓட்டல்கள் ஆஃப்டர்நூன் டீயை ஹை டீ என்று விற்கின்றன. சிங்கப்பூரிலும் இந்தியாவிலும் இந்தப் பொருள்தான் நிலைத்துவிட்டது. நம் ஊர்க் கருத்தரங்க அழைப்பிதழில் ஹை டீ என்று போட்டிருந்தால் சமோசாவும் கேக்கும் தேநீரும் என்று கொள்ளலாம். லண்டன் ஓட்டலில் மேசை பதிவு செய்யும்போது மட்டும் ஆஃப்டர்நூன் டீ என்றே கேளுங்கள்.

அமெரிக்காவிலும் கனடாவிலும்

அமெரிக்க நகரங்களில் பாடநூல் வரிசை பெரும்பாலும் பொருந்தும். லஞ்ச் நண்பகல், டின்னர் மாலை. நேரம் மட்டும் நம் பழக்கத்தைவிட மிக முந்தியது. ஆறு மணிக்கு டின்னர் என்று அழைத்தால் ஆறு மணிக்கே பரிமாறத் தொடங்கிவிடுவார்கள், எட்டரைக்குப் போய் நிற்பது நம் ஊர்த் திருமண வரவேற்பில் மட்டுமே செல்லும்.

தென்மாநிலங்களிலும் மத்திய மேற்கின் வேளாண் ஊர்களிலும் வயதானவர்களிடம் பழைய வரிசை இன்னும் கேட்கிறது. நண்பகல் டின்னர், மாலை சப்பர். அங்கே சப்பருக்கு இங்கிலாந்தின் மேல்தட்டு வாசனை எதுவும் கிடையாது, நேர்மாறாக அது நாட்டுப்புறச் சொல். டின்னருக்கும் சப்பருக்கும் என்ன வேறுபாடு என்பது, 2000களின் தொடக்கத்தில் மொழியியலாளர் பெர்ட் வோ ஹார்வர்டில் நடத்திய அமெரிக்க வட்டாரவழக்கு ஆய்வின் கேள்விகளில் ஒன்றாகவே இடம்பெற்றது. வார நாட்களில் லஞ்ச், டின்னர் என்று பேசும் குடும்பமும் ஞாயிற்றுக்கிழமை தேவாலயம் முடிந்து வந்து உண்ணும் பெரிய சாப்பாட்டைச் சண்டே டின்னர் என்றே சொல்லும். நவம்பர் நான்காம் வியாழனில் வரும் தேங்க்ஸ்கிவிங் டின்னரும் அப்படித்தான். பல வீடுகளில் அது பிற்பகல் இரண்டு முதல் நாலு மணிக்குள் மேசைக்கு வந்துவிடும். டின்னர் என்றுதானே சொன்னார்கள் என்று ஏழு மணிக்குப் போய்ச் சேரும் வெளிநாட்டு மாணவருக்கு வான்கோழியின் மிச்சம்தான் கிடைக்கும்.

மினசோட்டா, அயோவா, டகோட்டா பக்கம் லஞ்ச் என்ற சொல்லே நழுவக்கூடியது. பண்ணையில் முற்பகலிலும் பிற்பகலிலும் வயலுக்குக் கொண்டுபோகும் சிற்றுண்டி அங்கே லஞ்ச். இறுதிச் சடங்கு முடிந்து பிற்பகல் மூன்று மணிக்குத் தேவாலயத்தின் கீழ்த்தளத்தில் தரும் சாண்ட்விச்சும் காப்பியும் அங்கே எ லிட்டில் லஞ்ச்தான். கனடாவின் சமவெளி மாகாணங்களிலோ திருமண விருந்தில் நடனம் நடந்துகொண்டிருக்கும்போது, நள்ளிரவை ஒட்டி லஞ்ச் பரிமாறப்படுவதுண்டு.

கனடாவின் அட்லாண்டிக் கரையில் மாலை உணவு பரவலாகச் சப்பர் எனப்படுகிறது. பிரின்ஸ் எட்வர்ட் தீவின் லாப்ஸ்டர் சப்பர் சுற்றுலாப் பயணிகளுக்கு நன்கு தெரிந்தது. நியூஃபவுண்ட்லாந்தில் உப்புக்கண்ட மாட்டிறைச்சி, முட்டைக்கோசு, உருளைக்கிழங்கு, கேரட் எல்லாவற்றையும் ஒரே பானையில் வேகவைக்கும் ஜிக்ஸ் டின்னர் ஞாயிறு நண்பகலுக்கு உரியது. கியூபெக்கில் பிரெஞ்சும் சேர்ந்து குழப்பும். பிரான்சில் தேழனே என்றால் நண்பகல் உணவு, தீனே என்றால் இரவு உணவு. கியூபெக்கில் தேழனே காலை, தீனே நண்பகல், சூப்பே மாலை. பாரிஸில் பிரெஞ்சு கற்ற நம் தமிழர்கள் மாண்ட்ரியலில் ஒரு வேளை தவறிப்போவது இதனால்தான்.

அமெரிக்க உணவகப் பட்டியலில் ஆன்ட்ரே என்ற தலைப்பின்கீழ் இருப்பது முதன்மை உணவு. ஆஸ்திரேலியாவில் அதே சொல் முதலில் வரும் சிறு தட்டைக் குறிக்கும். மெல்பர்னில் ஆன்ட்ரே மட்டும் சொல்லிவிட்டுக் காத்திருந்தால் நாலு இறால்தான் வரும்.

ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, தென்னாப்பிரிக்கா

ஆஸ்திரேலியரும் நியூசிலாந்தரும் மாலைச் சாப்பாட்டை டீ என்று சொல்வது பழைய வழக்கம். இன்றைய நகரத்து இளைஞர்களிடம் டின்னர் மேலோங்கிவிட்டாலும், சிற்றூர்களிலும் மூத்தவர்களிடமும் டீ நிற்கிறது. அதோடு, முற்பகல் இடைவேளைத் தேநீர் மார்னிங் டீ, பிற்பகலுக்கு உரியது ஆஃப்டர்நூன் டீ. ஆகவே முன்னால் அடைமொழி இருந்தால் சிற்றுண்டி, வெறும் டீ என்று வந்தால் சாப்பாடாக இருக்கலாம் என்ற ஒரு சிறு விதியை வைத்துக்கொள்ளலாம். தொழிலாளர் இடைவேளைக்கு ஸ்மோகோ என்று பெயர், அதற்குப் புகைபிடிப்பவராக இருக்க வேண்டியதில்லை. மேற்கு ஆஸ்திரேலியச் சுரங்கங்களில் சாப்பாட்டு அறை கிரிப் ரூம். குவீன்ஸ்லாந்துப் பள்ளிகளில் முற்பகல் இடைவேளை லிட்டில் லஞ்ச், நண்பகல் பிக் லஞ்ச், இரண்டுக்கும் தனித்தனி டப்பா கட்ட வேண்டும். இந்நாடுகளில் கூட்டம் முடிந்த பிறகு இரவு ஒன்பது மணிக்குத் தரும் கேக்கும் தேநீரும் சப்பர். அதை நம்பி இரவுச் சாப்பாட்டைத் தள்ளிவைக்க வேண்டாம்.

ப்ரிங் எ பிளேட் என்று அழைப்பில் இருந்தால் வெறும் தட்டைக் கொண்டுபோகக் கூடாது. எல்லோரும் பகிர்ந்துண்ண ஒரு பதார்த்தம் செய்து எடுத்துவர வேண்டும் என்பது அதன் பொருள். நம் வீட்டு எலுமிச்சைச் சாதமோ வடையோ அங்கே முதலில் தீர்ந்துபோகும் பண்டமாக இருக்கும்.

கிரிக்கெட் பார்ப்பவர்களுக்கு லஞ்ச், டீ ஆகிய இரண்டும் டெஸ்ட் ஆட்டத்தின் வழியாகவே பழக்கமானவை. லஞ்சுக்கு நாற்பது நிமிடம், டீக்கு இருபது நிமிடம். அந்த டீ பிற்பகல் தேநீர், மாலைச் சாப்பாடு அன்று. 2015 நவம்பரில் அடிலெய்டில் முதல் பகலிரவு டெஸ்ட் நடந்த பிறகு, இளஞ்சிவப்புப் பந்து ஆட்டங்களில் டின்னர் இடைவேளை என்ற பெயரும் வந்துசேர்ந்தது.

தென்னாப்பிரிக்காவில் மாலை உணவுக்குச் சப்பர் என்பது எல்லாத் தரப்பினரும் சொல்லும் சாதாரணச் சொல். பிராய் என்றால் கரியடுப்பில் இறைச்சி சுட்டு உண்ணும் கூடல். ப்ரிங் அண்ட் பிராய் என்று அழைத்தால் உங்கள் பங்கு இறைச்சியை நீங்களே கொண்டுபோக வேண்டும்.

நம் பக்கத்து ஆங்கிலம்

நம்மவர்கள் வெளியூரில் சறுக்கும் சொல் டிபன். பிரிட்டிஷார் இந்தியாவில் நண்பகலின் இலேசான உணவுக்கு வைத்துக்கொண்ட சொல் அது. தமிழ்நாட்டில் இட்லி, தோசை, பொங்கல், பூரி என்ற பண்ட வகையின் பெயராகிவிட்டது, காலையிலும் மாலையிலும் பொருந்தும். மும்பையில் அது அலுவலகத்துக்குப் போகும் நண்பகல் டப்பா. பிரிட்டனின் பேக்கரியில் டிஃபின் என்று கேட்டால், பிஸ்கட் துண்டுகளும் உலர்திராட்சையும் சேர்த்து மேலே சாக்லேட் ஊற்றிக் குளிரவைத்த கேக் துண்டைத் தருவார்கள். ஆகவே வெளிநாட்டு நண்பரிடம் மாலை டிபனுக்கு வாருங்கள் என்று சொல்வதைவிட, ஐந்து மணிக்குத் தோசை சாப்பிட வாருங்கள் என்று பண்டத்தையும் மணியையும் சொல்லிவிடுவது தெளிவு. மீல்ஸ் என்று நாம் சோற்றுச் சாப்பாட்டை மட்டும் குறிப்பதும் நம் எல்லைக்குள்தான் செல்லும். வெளியே மீல் என்றால் எந்த வேளை உணவும் அதில் அடங்கும்.

இலங்கை ஆங்கிலத்தில் ஷார்ட் ஈட்ஸ் என்பவை ரோல்ஸ், பட்டிஸ், கட்லட் போன்ற கடிபண்டங்கள். கொழும்பில் மாலை நிகழ்ச்சிக்கு ஷார்ட் ஈட்ஸ் உண்டு என்றால், சோறோ கொத்து ரொட்டியோ எதிர்பார்க்க வேண்டாம். சிங்கப்பூரில் சப்பர் என்பது இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு, பத்து மணிக்கு மேல், நண்பர்களோடு பரோட்டாக் கடையில் உட்கார்ந்து உண்பது. அங்கே சப்பருக்கு அழைப்பவர் நீங்கள் டின்னர் முடித்திருப்பீர்கள் என்றே எண்ணுவார். ஜமைக்காவில் டீ என்ற சொல் எந்தச் சூடான பானத்துக்கும் பொருந்துவதால், ஃபிஷ் டீ என்பது காரமான மீன் ரசம். வடக்கு இங்கிலாந்தின் கடற்கரை உணவகத்தில் அதே ஃபிஷ் டீ, வறுத்த மீன், சிப்ஸ், வெண்ணெய் தடவிய ரொட்டி, ஒரு கெட்டில் தேநீர் என்று நாலும் சேர்ந்த தட்டு.

நீங்கள் அழைக்கும்போது

நாம் விருந்தளிக்கும்போது மூன்று செய்திகளை அழைப்பிலேயே சொல்லிவிட வேண்டும். எத்தனை மணிக்கு வர வேண்டும், எத்தனை மணிக்குப் பரிமாறுவோம், முழுச் சாப்பாடா சிற்றுண்டியா என்பவையே அவை. நம் வீடுகளில் ஏழு மணிக்கு வரச்சொல்லி, வடையும் பேச்சுமாக நேரம் போக்கி, ஒன்பதரைக்கு இலை போடுவது வழக்கம். ஆறு மணிக்கே சாப்பிட்டுப் பழகிய மான்செஸ்டர்க் குடும்பமோ மினசோட்டாக் குடும்பமோ, அந்த வடையே விருந்து என்று எண்ணி வயிறு நிரப்பிக்கொள்வார்கள், அல்லது எட்டு மணிக்குக் குழந்தைகளைத் தூங்கவைக்க வேண்டும் என்று எழுந்துவிடுவார்கள். "கம் அட் சிக்ஸ், வி வில் ஈட் அட் ஹாஃப் பாஸ்ட் சிக்ஸ், இட் வில் பி எ ஃபுல் மீல்" என்று ஒரு வரி அனுப்பிவிட்டால் டின்னர், டீ, சப்பர் எதையுமே தொட வேண்டியதில்லை. ஆஃப்டர் டின்னர் வாருங்கள் என்று மட்டும் எழுதிவிடாதீர்கள். அழைப்பைப் பெறுபவர் ஷெஃபீல்டுக்காரராக இருந்தால் மத்தியானம் ஒன்றரைக்கே வந்து மணியடித்துவிடக்கூடும்.